வேடசந்தூர் மண்டபத்து உத்திரம்

கோயம்புத்தூர், மாணவர் விடுதி
14-7-1962

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே தூறல் நின்றபாடில்லை. துவைத்த சட்டை காயாமல் ஈரத்தோடு போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறேன். அய்யாவின் கார்டு நேற்று வந்தது. உன்னை வேடசந்தூர் பெருமாள்சாமி மகன் பொன்னுத்துரைக்குப் பேசி முடித்துவிட்டதாகவும் ஆவணிக் கடைசியில் கல்யாணம் என்றும் இரண்டு வரி. மீதிக் கார்டு முழுக்க வெங்காயத்தில் புழு விழுந்த கதை. படித்ததும் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. நீ திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சிக்குப் போவதாகத்தானே இத்தனை நாளும் பேச்சு?

இந்த வருடம் புதிதாக ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். பொருள்களின் வலிமை என்று தமிழில் சொல்லலாம். ஒரு கம்பியோ தூணோ உத்திரமோ எவ்வளவு பாரம் தாங்கும், எங்கே வளையும், எப்போது முறியும் என்று கணக்குப் போடுவது. ஸ்ட்ரெஸ் என்று ஒன்று இருக்கிறது, ஸ்ட்ரெயின் என்று இன்னொன்று. பாரம் ஏறும்போது பொருளுக்குள் உண்டாகும் இறுக்கம் முதலாவது. அதனால் பொருள் எவ்வளவு நீளுகிறது என்பது இரண்டாவது. பேராசிரியர் ஆங்கிலத்தில் விரட்டிச் சொல்லும்போது என் காதில் இரண்டும் ஒன்றாகவே விழுகின்றன. பக்கத்துப் பையன்கள் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன்.

ஆய்வுக்கூடத்தில் ஒரு இயந்திரம் கம்பியின் இரண்டு முனையையும் கவ்வி இழுக்கிறது. எஃகுக் கம்பி முதலில் சும்மா இருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு, ஓரிடத்தில் கழுத்துப் போல மெலிந்து, அப்புறம்தான் அறுந்தது. அடுத்து வார்ப்பிரும்பு வைத்தார்கள். அது நீளவும் இல்லை, மெலியவும் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டென்று இரண்டாகிவிட்டது.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? நீயே எழுது.

உன் தம்பி
சோலைமலை

---

எரியோடு
22-7-1962

அன்புள்ள தம்பி சோலைமலைக்கு, முத்துப்பேச்சி எழுதிக்கொள்வது.

மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. ஆடி பிறப்பதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசர அவசரமாக வந்தார்கள். நான் காபித் தட்டோடு போய் நின்றேன். அவருடைய செருப்பைப் பார்த்தேன், சட்டைப் பையில் பேனாவைப் பார்த்தேன். முகம் பார்ப்பதற்குள் அம்மா உள்ளே கூப்பிட்டுவிட்டாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் அவர் அப்பாதான் பேசினார். அதுவும் என்னைப் பற்றி இல்லை, அவர் கட்டுகிற கல்யாண மண்டபத்தைப் பற்றி.

"வேடசந்தூர்ல மாடி வச்ச மண்டபம் இதான் மொத மொதல்ல. கீழ தாலி கட்டு, மேல பந்தி. எம் மகன் கல்யாணந்தான் அதுல மொதக் கல்யாணம்" என்றார். அய்யாவுக்கு வாய் நிறையச் சிரிப்பு. மறுநாளே எங்கள் எல்லாரையும் வண்டி வைத்துக் கூட்டிப் போய்க் காட்டினார். பெரிதாகத்தான் இருக்கிறது. கூடத்தில் நடுவில் தூணே இல்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரே காங்கிரீட் உத்திரம். அதன் மேல்தான் மாடி.

எல்லாரும் தரையில் பதித்த சிவப்புக் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மேலே பார்த்தேன். உத்திரத்தில் ஒரு கோடு தெரிந்தது, தலைமுடி ஒட்டிக்கொண்டிருப்பது மாதிரி. மண்டபம் கட்டுகிற மைதீன் பிச்சை கொத்தனாரிடம் கேட்டேன். "அது பூச்சு வெடிப்புத்தா, வெயிலு காஞ்சா அப்படித்தான்" என்றார். நீ இதைத்தானே படிக்கிறாய். அது வெறும் பூச்சு வெடிப்புத்தானா?

பயிற்சிப் பள்ளிப் பேச்சை இங்கே யாரும் எடுப்பதில்லை. நானும் எடுக்கவில்லை. எனக்கு இந்தக் கல்யாணத்தில் விருப்பம் இல்லை என்று சொல்ல முடியவில்லை. இருக்கிறது என்றும் சொல்ல முடியவில்லை. யாருடைய கல்யாணத்துக்கோ பலகாரம் சுடுகிற மாதிரி இருக்கிறது.

சளி பிடிக்கப் போகிறது. ஈரச் சட்டை போடாதே.

முத்துப்பேச்சி

---

கோயம்புத்தூர்
29-7-1962

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை வகுப்பிலேயே வைத்துப் படித்தேன். அக்கா, கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது? அதுதான் முக்கியம்.

உத்திரத்தின் மேல் பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாமல் நடுவில் தொய்யும். தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும். காங்கிரீட் இழுத்தால் தாங்காது, அதற்குத்தான் அடியில் கம்பி. அதனால் நடுவில், அடியிலிருந்து நேராக மேலே ஏறும் மெல்லிய கோடு வரலாம். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று புத்தகம் சொல்கிறது. ஆனால் சுவரை ஒட்டிக் கிளம்பி, நடுவை நோக்கிச் சாய்வாக மேலே ஏறுகிற கோடு வேறு. அங்கே உத்திரம் வெட்டுப்படப் பார்க்கிறது. அது சொல்லாமல் கொள்ளாமல் விடும் என்கிறார்கள். போன கடிதத்தில் எழுதினேனே, வார்ப்பிரும்பு, அதைப் போல.

முடிந்தால் இன்னொரு முறை போய்ப் பார். நேரா, சாய்வா? நடுவிலா, ஓரத்திலா? சுவருக்குச் சுவர் எத்தனை அடி? உள்ளே எத்தனை கம்பி, என்ன கனம்? மேலே எத்தனை பேர் உட்காருவார்கள்? யாரிடமும் காரணம் சொல்லாதே.

மாப்பிள்ளையைப் பற்றி நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

சோலைமலை

---

எரியோடு
8-8-1962

அன்புள்ள தம்பிக்கு,

சந்தைக்குப் போகலாம் என்று அம்மாவை வேடசந்தூருக்குக் கிளப்பினேன். அம்மா புளி பேரம் பேசிக்கொண்டிருந்தபோது நான் மண்டபத்துக்கு நழுவினேன். சாரமெல்லாம் எடுத்துவிட்டார்கள். உள்ளே சுண்ணாம்பு வாடை. தரையை அடி வைத்து அளந்தேன், இருபத்திரண்டு அடி இருக்கும், என் அடி சின்னது என்பதைக் கழித்துக்கொள்.

கொத்தனார் கம்பி விவரத்தை மறைக்காமல் சொன்னார். "நாலு கம்பி போட்டுருக்கேன்த்தா, முக்கால் இஞ்சுக் கம்பி. மேல முந்நூறு பேரு தாராளமா உக்காந்து சாப்பிடலாம். எதுக்குக் கேக்குற?"

"எந் தம்பி இஞ்சினீயருக்குப் படிக்கான். அவனுக்குச் சொல்லணும்."

"படிக்கட்டும், படிக்கட்டும். நான் படிக்காமலே இந்தப் பக்கம் பாதி வீட்டக் கட்டிட்டேன்" என்று சிரித்தார். இன்னும் ஏதோ கம்பியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அதற்குள் அம்மா வெளியே என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

கோடு கிழக்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. கீழேயிருந்து கிளம்பி மேலே போகிறது. சாய்வாகத்தான் போகிறது. இதோடு பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறேன்.

உன் பதில் சீக்கிரம் வரட்டும். பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

முத்துப்பேச்சி

---

கோயம்புத்தூர்
14-8-1962

அன்புள்ள அக்காவுக்கு,

கணக்குப் போட்டேன். அழித்து மறுபடியும் போட்டேன். மாடித் தளத்தின் எடை, முந்நூறு பேரின் எடை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், அந்த நாலு கம்பி எவ்வளவு தாங்கலாமோ அதைப்போல மூன்று மடங்கு பாரம் வருகிறது. உன் படத்தில் கோடும் சாய்வாக இருக்கிறது. மாடியில் பந்தி வைக்கக் கூடாது, அக்கா. கீழே தாலி கட்டும்போது கூட மேலே ஆள் இருக்கக் கூடாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உத்திரத்தின் முனைகள் சுவரின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டேன். சுவரோடு இறுக்கிப் பிடித்த மாதிரி கட்டியிருந்தால் கணக்கே வேறு. அப்போது நடுவில் வரும் பாரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும், அந்தக் கம்பியே போதும். எது என்று இங்கேயிருந்து எனக்குத் தெரியாது. ஆனால் சந்தேகம் இருக்கும்போது முந்நூறு பேரை மேலே உட்கார வைக்க முடியுமா?

அய்யாவுக்குத் தனியாக ஒரு தாள் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். அதில் இந்தச் சந்தேகத்தை எல்லாம் எழுதவில்லை. எழுதினால் அய்யா அதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்துவிடுவார். தாளைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீ முடிவு செய்.

சோலைமலை

---

எரியோடு
25-8-1962

தம்பிக்கு,

தாளைக் கொடுத்தேன். அதற்கு முன் அதை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு அன்றைக்கு முழுவதும் சமைத்தேன், துணி துவைத்தேன். சாயங்காலம் எடுத்து அய்யா கையில் வைத்தேன். ஏன் காலையிலேயே கொடுக்கவில்லை என்றும் தெரியவில்லை, ஏன் கொடுத்தேன் என்றும் இப்போது தெரியவில்லை.

அய்யா இரண்டு முறை படித்தார். மறுநாள் முதல் பஸ்ஸில் வேடசந்தூர் போனார். அவர் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

முதலில் பெருமாள்சாமி சிரித்தாராம். "ரெண்டு வருசம் காலேசுக்குப் போன பய கோயமுத்தூர்ல உக்காந்துக்கிட்டு எம் மண்டபத்துல வெடிப்புப் பாக்கானா? அவன் கண்ணு அம்புட்டு நீளமா?"

அய்யா பணிவாகத்தான் கேட்டிருக்கிறார். "பந்தியக் கீழ வச்சுக்கிடுவோம், சம்பந்தி. இல்லேன்னா தாடிக்கொம்பு கோயில்ல தாலி கட்டிட்டு அங்கனயே சாப்பாட்ட முடிச்சுருவோம்."

அதில்தான் தீ பற்றிக்கொண்டது. "நான் கட்டுன மண்டபத்துல எம் மகனுக்குக் கல்யாணம் வைக்கக் கூடாதுன்னு பொண்ணு வீட்டுக்காரன் சொல்லுறீக. நல்ல காரியத்துக்கு முந்தி இடிஞ்சு விழும்னு வாய் வச்சுட்டீக. இனி இந்தச் சம்பந்தம் வேண்டாம்" என்று தாளை அய்யா முகத்தில் எறிந்து வெற்றிலைத் தட்டையும் தள்ளிவிட்டாராம்.

கல்யாணம் நின்றுவிட்டது, சோலைமலை. அம்மா படுத்த இடத்திலிருந்து எழவில்லை. அய்யா தோட்டத்துக்குப் போகிறார், வருகிறார். சுந்தரம்மாள் சின்னம்மா வந்து, "ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுச்சுன்னா அப்புறம் லேசுல கூடாது" என்று என் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போனாள். நான் அழுவேன் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அதனால் அம்மாவுக்குக் கோபம்.

உனக்கு நிச்சயமாகத் தெரியுமா? அதை மட்டும் எழுது.

முத்துப்பேச்சி

---

கோயம்புத்தூர்
3-9-1962

அன்புள்ள அக்காவுக்கு,

நிச்சயமாகத் தெரியாது.

இதை எழுதுவதற்கு முன் மூன்று தாளைக் கிழித்தேன். நேற்று வகுப்புத் தேர்வு விடைத்தாள்கள் வந்தன. நூற்றுக்கு முப்பத்தொன்று. முனைகள் இறுகப் பிடித்த உத்திரம் ஒன்று கொடுத்திருந்தார்கள். நான் அதைச் சும்மா உட்கார்ந்திருக்கும் உத்திரம் என்று வைத்துப் போட்டிருக்கிறேன். பேராசிரியர் அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறார்.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் போனேன். வேடசந்தூர் என்று சொல்லவில்லை, ஒரு கட்டடம் என்றேன். ஊரில் செங்கல் சுவர் மேல் கட்டுகிற உத்திரம் புத்தகத்தில் உள்ள எந்த வகை என்று கேட்டேன். "இரண்டும் இல்லை. நடுவில் எங்கேயோ. எவ்வளவு நடுவில் என்பது கட்டினவன் கையில் இருக்கிறது" என்றார். "அப்படியானால் எதை வைத்துக் கணக்குப் போடுவது?" என்றேன். "பாதுகாப்பான பக்கத்தை வைத்துப் போடு. ஆனால் அது உண்மை என்று நினைத்துக்கொள்ளாதே" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பாதுகாப்பான பக்கம்தான் நின்றேன். ஆனால் எதற்காக நின்றேன்? உன்னைக் கேட்காமல் கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்ற கோபத்தோடு பேனாவை எடுத்தவன், நாலு கம்பி போதாது என்று விடை வந்ததும் பெருமூச்சு விட்டேன். பயந்துபோய் விட்ட மூச்சா, நிம்மதியில் விட்டதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கணக்கில் எனக்கு வேண்டிய விடையை நானே வரவழைத்தேனோ?

அய்யாவுக்கு என்ன எழுத?

சோலைமலை

---

எரியோடு
16-9-1962

தம்பிக்கு,

அய்யாவுக்கு ஒன்றும் எழுதாதே. நான் சொல்லப் போவதை முதலில் கேள்.

முந்தாநாள் மத்தியானம் பொன்னுத்துரை சைக்கிளில் வந்தார். தனியாக. அய்யா வாசலில் நின்றபடியே, "என்ன விசயம்?" என்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"தப்பா எடுத்துக்கிடாதீக. உங்க மகன் எழுதுன தாளை நான் ஒருக்காப் பாக்கணும்."

"உங்கப்பாருதான் அத எம் மூஞ்சியில எறிஞ்சாரே."

"அவரு எறிஞ்சாரு. நான் இன்னும் படிக்கல."

அய்யா தாளை எடுத்து வரச் சொன்னார். பொன்னுத்துரை மர நிழலில் நின்று படித்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைத்தான். அம்மா என் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

"வெடிப்ப நீங்கதான் பாத்தீகளாம். எங்கப்பா மறுநாளே அத மறைச்சுப் பூசி வெள்ளையும் அடிச்சுட்டாரு. ஏணி வச்சு ஏறிப் பாத்தேன், ஒண்ணும் தெரியல. கொத்தனார் நேராத்தான் இருந்துச்சுங்கிறாரு. உங்க தம்பி சாய்வுங்கிறாரு. நீங்க சொல்லுங்க."

சாய்வு என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை, சோலைமலை. நீ கேட்டு எழுதினாயே, நேரா சாய்வா, சாய்வு என்றால் ஆபத்து என்று. அதைப் படித்துவிட்டுத்தான் நான் பார்க்கப் போனேன். அண்ணாந்து பார்த்தபோது அது கொஞ்சம் சாய்ந்திருந்தது. எவ்வளவு கொஞ்சம்? படத்தில் நான் வரைந்த அளவுக்கா? பென்சில் என் கையில் இருந்தது. கோடு போடும்போது என் மனசு என்ன நினைத்தது என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இன்னொன்று. அன்றைக்குக் கொத்தனார் கம்பியைப் பற்றி மேலும் ஏதோ சொன்னார் என்று எழுதியிருந்தேன். அது இதுதான்: "ரெண்டு கம்பிய ஓரத்துல மேல மடக்கிச் சொவத்துக்குள்ள விட்டுருக்கேன்." பஸ்ஸில் வரும்போது ஞாபகம் இருந்தது. உனக்கு எழுத உட்கார்ந்தபோது வரவில்லை. அல்லது வந்ததா? தெரியவில்லை.

பொன்னுத்துரையிடம், "எனக்குத் தெரியலைங்க" என்றேன். அய்யா திரும்பி என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. பொன்னுத்துரை கோபப்படவில்லை. "எனக்கும் தெரியல" என்றார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "ஆனா இனி அதத் தெரியாமலே விட்டுற முடியாது" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.

இந்த முறை முகத்தைப் பார்த்தேன்.

முத்துப்பேச்சி

---

கோயம்புத்தூர்
24-9-1962

அக்காவுக்கு,

கம்பியை மேலே மடக்கிச் சுவருக்குள் விட்டிருக்கிறார் என்பதை ஏன் எழுதாமல் விட்டாய்? அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் அந்தத் தாளையே எழுதியிருக்க மாட்டேன். சாய்வு வெடிப்பைத் தடுப்பதே அந்த மடக்குக் கம்பிதான். முனை இறுகுவதும் அதனால்தான். அய்யாவின் மானம் போனது, அம்மா படுத்தது, எல்லாம் ஒரு வரியால். உனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுதியிருக்கலாமே. என் கணக்கை எதற்கு நடுவில் இழுத்தாய்?

இதை எழுதிவிட்டு மைதானத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். மேலே எழுதியதை அடிக்கவில்லை. ஆனால் நானும் அய்யா தாளில் என் சந்தேகத்தை எழுதாமல் விட்டவன்தான். உன்னைக் கேட்க எனக்கு என்ன இருக்கிறது?

மடக்குக் கம்பி இருக்கிறது என்று கொத்தனார் வாயால் சொன்னதுதான். எவ்வளவு தூரம் சுவருக்குள் போகிறது? உடைத்துப் பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

ஒரு வழி இருக்கிறது. பொன்னுத்துரைக்கும் இதையே எழுதியிருக்கிறேன். முந்நூறு பேரின் எடைக்கு மூட்டைகளை மாடியில் அடுக்கிப் பார்ப்பது. உத்திரத்துக்குக் கீழே சுவருக்குச் சுவர் விறைப்பாக ஒரு நூல் கட்டி, உத்திரம் நூலை நோக்கி எவ்வளவு இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். ஒரு நாள் விட்டு மூட்டையை இறக்கினால் இறங்கியதில் முக்கால் பங்காவது மேலே ஏற வேண்டும். ஏறினால் நல்ல உத்திரம். உத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே தொடாத மாதிரி மர முட்டுகள் நிறுத்தி வைக்கச் சொல். உத்திரம் விட்டாலும் முட்டின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. நீ நிற்கவே கூடாது.

பரீட்சை இருப்பதால் நான் வர முடியாது. வந்தாலும் அய்யா முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

சோலைமலை

---

எரியோடு
4-11-1962

தம்பிக்கு,

உன் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபம்தான். இப்போது அதை வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

மூட்டை அடுக்க பெருமாள்சாமி சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஊரில் பேச்சுப் பரவிவிட்டது. மண்டபம் வெடித்திருக்கிறதாம், பொண்ணு வீட்டுக்காரனே பயந்து விலகிட்டானாம் என்று. தை முகூர்த்தத்துக்கு ஒருவரும் மண்டபம் கேட்டு வரவில்லை. அதனால் அவரே, "வையி, அம்புட்டு மூட்டையையும் வையி. ஊரே வந்து பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். தீபாவளி முடிந்த மறுவாரம் வைத்தார்கள். மூட்டைக்கு எங்கே போவது? யாரும் கேட்காமலே அய்யா நம் வெங்காய மூட்டைகளை வண்டியில் ஏற்றினார். "நம்மளாலதான் இந்தப் பேச்சு வந்துச்சு" என்றார். மீதிக்குக் கடலை மூட்டை, மணல் மூட்டை.

நானும் அம்மாவும் எதிர்த்த கடை வாசலில் நின்றோம். பெருமாள்சாமி தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொன்னுத்துரையும் கொத்தனாரும் வாசலிலிருந்தபடி நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிக்கு வெளிப்படி இருப்பதால் ஆட்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் இறங்குவதும் எங்களுக்குத் தெரிந்தது.

பாதிக்கு மேல் ஏறியிருக்கும். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம் இல்லை. ஆனால் தெருவில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. மூட்டை தூக்கியவர்கள் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். ஒருவர் படியில் சறுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. நாங்கள் எல்லாரும் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது சும்மா நின்றது.

"முட்டுக் கம்பு அமுங்குன சத்தம்" என்றார் கொத்தனார்.

"முட்டு உத்திரத்தத் தொடவே இல்லையே, எப்படி அமுங்கும்?" என்றார் அய்யா.

"நிக்குதா இல்லையா, அதச் சொல்லு" என்றார் பெருமாள்சாமி.

அதற்கு மேல் ஏற ஒருவரும் தயாராக இல்லை. மறுநாள் மூட்டையை இறக்கிப் பார்த்ததில் உத்திரம் மேலே ஏறியிருந்தது. முழுக்க ஏறியது என்கிறார் கொத்தனார். முக்கால்கூட இல்லை என்கிறார் பொன்னுத்துரை. ராத்திரிப் பனியில் நூலே தொய்ந்துவிட்டதாம், எந்த அளவும் சரியில்லை. நீ வந்திருந்தால் உனக்காவது தெரிந்திருக்குமா?

அன்றைக்கு ஊர் கலையும்போது பொன்னுத்துரை தன் அப்பாவிடம் எல்லார் முன்னாலும் சொன்னார். "மூட்டை எடுத்தவுக சத்தம் கேட்டதும் ஓடிட்டாக. இலை போட்டு உக்காந்தவுக எப்படி ஓடுவாக? நடுவுல ஒரு தூண் எழுப்பிருவோம்."

"எழுப்புனா, பழுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்ல."

"ஆகட்டும்."

பெருமாள்சாமி வீட்டுக்கு நடந்தார். முதுகு கொஞ்சம் கூனியிருந்தது. அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவர் மேல் எனக்கு இரக்கம் வரும் என்று எப்போது நினைத்தேன்?

அய்யா மணல் கொட்டிய வெறும் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழும்படியே பொன்னுத்துரை என்னிடம் வந்து, "நம்ம பேச்ச மறுபடி எடுக்கலாமான்னு உங்ககிட்டத்தான் மொதல்ல கேக்கேன்" என்றார். போன ஆனியில் இதைக் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேனா? இப்போது சரி என்று சொல்ல ஆசை வந்தது. அந்த ஆசை தூணுக்காக வந்ததா, அவருக்காகவா? "தெரியலைங்க" என்றேன். அவரிடம் நான் சொல்வதெல்லாம் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

நீ சொல். நான் என்ன செய்ய?

முத்துப்பேச்சி

---

கோயம்புத்தூர்
18-11-1962

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லையில் சீனாவோடு சண்டை என்று இங்கே காலையிலும் மாலையிலும் அணிவகுப்பு. துப்பாக்கிக்குப் பதில் மரக்கட்டையைத் தோளில் வைத்து நடக்கிறோம். கால் கொப்புளம்.

அந்தச் சத்தத்தைப் பற்றிப் பேராசிரியரிடம் கேட்டேன். இந்த முறை எல்லாவற்றையும் சொன்னேன், உன் கோடு, என் தாள், வெங்காய மூட்டை வரைக்கும். "ஒட்டியிருந்த பழைய பூச்சு விட்ட சத்தமாக இருக்கலாம். உள்ளே கம்பி வழுக்கிய சத்தமாகவும் இருக்கலாம். தூண் எழுப்பிவிட்டால் இனி அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. முந்நூறு பேர் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அது போதாதா?" என்றார். எனக்குப் போதவில்லை. நான் சரியா தப்பா என்று தெரிய வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தெரியவே போவதில்லை என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பரீட்சையில் இந்தப் பாடத்தில் தேறிவிட்டேன், சொற்ப மதிப்பெண்ணில். அறை நண்பன் சூசைராஜ் பொட்டுக்கடலை வாங்கி வந்து கொண்டாடினான். நான் அதையும் முழுக்கக் கொண்டாடவில்லை.

நீ என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். இதற்கு முன் நீ ஒரு கோட்டைப் பற்றிக் கேட்டாய், நான் பதில் சொன்னேன், இவ்வளவும் நடந்தது. இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உன்னைக் கைவிடுவதாக நினைக்காதே. எனக்கு அவரைத் தெரியாது, அக்கா. உன்னையும் முழுக்கத் தெரியாது என்று இந்த வருடம்தான் தெரிந்தது.

அய்யாவுக்கு எழுதிவிட்டேன். என் சந்தேகத்தை மறைத்ததை எழுதினேன். இன்று அவரிடமிருந்து கார்டு வந்தது. "மூட்டையில் பாதி வெங்காயம் நசுங்கிப் போச்சு. மீதி நல்ல விலைக்குப் போச்சு. பொங்கலுக்கு வா" என்று எழுதியிருக்கிறார். வேறு ஒன்றும் இல்லை. பொங்கலுக்கு வருகிறேன்.

சோலைமலை

---

திண்டுக்கல், ஆசிரியப் பயிற்சிப் பள்ளி விடுதி
21-7-1963

அன்புள்ள தம்பி சோலைமலைக்கு,

அய்யா இங்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டுப் போனதிலிருந்து நான் எழுதும் முதல் கடிதம். விடியுமுன் எழுப்பிவிடுகிறார்கள், ராட்டையில் நூற்கச் சொல்கிறார்கள், மத்தியானம் கரும்பலகை முன்னால் நிறுத்தி, பிள்ளைகளே இல்லாத பெஞ்சுகளுக்குப் பாடம் நடத்தச் சொல்கிறார்கள். முதல் நாள் பெஞ்சைப் பார்த்துப் பேச வெட்கமாக இருந்தது. இப்போது அதட்டவே செய்கிறேன்.

பொங்கலுக்கு நீ வந்து போன பிறகு அய்யா பெருமாள்சாமியைச் சந்தையில் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் கருப்பட்டிக் கடையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்களாம். "மண்டபம் நடக்குதா?" என்று அய்யா கேட்க, "நடக்குது. தூணு இடைஞ்சலா இருக்குன்னு எல்லாரும் திட்டிக்கிட்டே சாப்புடுறாக" என்றாராம் அவர். சிரித்தாரா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார் அய்யா.

பொன்னுத்துரைக்கு நான் சித்திரையில் சொல்லி அனுப்பினேன். பயிற்சி முடிய இரண்டு வருடம் ஆகும், அதற்கு முன் எனக்குப் பதில் தெரியாது, காத்திருக்கச் சொல்லவும் மாட்டேன், வேறு பெண் பார்க்க வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன் என்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கு அவரிடமிருந்து பதிலே வரவில்லை. வேறு இடத்தில் பார்க்கிறார்கள் என்று சுந்தரம்மாள் சின்னம்மா சொன்னாள். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு பிடிக்கவில்லை. நானே அனுப்பிய சொல்லுக்கு நானே ஏன் வருத்தப்படுகிறேன் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை, பார்வையாளர் நேரம். அவர் வந்து நின்றார். வார்டன் அம்மா யாரென்று கேட்டிருக்கிறார். "தெரிஞ்சவுக" என்று சொன்னாராம். வேறு என்ன சொல்ல முடியும், பாவம். கூடத்தில் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வார்டன் அம்மா மேசையில் கணக்கு எழுதுவது போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுத்துரை மழை இல்லை என்றார். இங்கேயும் இல்லை என்றேன். பிறகு வெளியே பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மணி அடிக்கப் போகிறார்களே என்று எனக்குப் பதைத்தது. அவர் போய்விடுவார் என்றா, போகாமல் இருப்பார் என்றா?

எழுந்திருக்கும்போது கேட்டார்: "அடுத்த ஞாயித்துக்கெழம வரட்டுமா?"

"வாங்க" என்றேன். வார்டன் அம்மா நிமிர்ந்து பார்த்த பிறகுதான், அதைச் சொன்னது நான் என்று எனக்குத் தெரிந்தது.

முத்துப்பேச்சி